பரிவு போதாது, பயிற்சி வேண்டும்

(மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவ மாணவியருக்காக நம் ஜமாஅத் நடத்திய கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



   

எனக்கு முன்னால் பேசியவர்கள் மருத்துவம், பொறியியல், வணிகவியல், ஆசிரியப் பணி ஆகிய படிப்புகளைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார்கள். அவை யாவும் பயனுள்ள கல்விகளே. ஆயினும் இத்தகைய மேடைகளில் பெரும்பாலும் பெயர் சொல்லப்படாத ஒரு துறையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வழிகாட்டும் மறுவாழ்வு ஆலோசகர் பணியே அது.

"ஊனமுற்றோருக்கு உதவுவது நல்ல காரியம்தான், அதற்கு எதற்குப் படிப்பு? மனமிருந்தால் போதாதா?" என்று சிலர் எண்ணக்கூடும். மனம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மனம் மட்டும் போதாது என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

கொடுப்பதும் கேட்பதும்

ரமலான் மாதத்தில் நம் வாசல்களுக்கு வரும் மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் கொடுக்கிறோம். பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் உதவுகிறோம். சக்கர நாற்காலியும் தையல் இயந்திரமும் வாங்கித் தருகிறோம். இவையெல்லாம் நன்மையானவை, தொடர வேண்டியவை. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கொடுத்துவிட்டுத் திரும்பும் நாம், "தம்பி, நீ என்ன செய்ய விரும்புகிறாய்?" என்று அவரிடம் கேட்கிறோமா? தையல் இயந்திரத்தைப் பெற்ற பெண்மணிக்குத் தையலில் விருப்பம் உண்டா, அதை மிதிக்கக் காலில் வலு உண்டா, தைத்ததை வாங்க ஆள் உண்டா என்று விசாரிப்பவர் யார்?

அந்தக் கேள்வியைக் கேட்கவும், பதிலைப் பொறுமையாகச் செவிமடுக்கவும், அந்தப் பதில் நிறைவேற வழி வகுக்கவும் முறையாகப் பயின்றவரே மறுவாழ்வு ஆலோசகர். மருத்துவர் நோயைப் பார்க்கிறார். இயன்முறை மருத்துவர் தசையையும் மூட்டையும் பார்க்கிறார். ஆலோசகரோ அந்த மனிதரின் வாழ்க்கை முழுவதையும் பார்க்கிறார்.

நம் மார்க்க வரலாற்றில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற நபித்தோழர். குறைஷித் தலைவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அவர் வந்ததையொட்டியே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின என்பதை நாம் அறிவோம். அதற்குப் பின் நடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். அவர் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவில் மக்களுக்குத் தொழ வைக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்தது வெறும் அனுதாபமன்று, பொறுப்பு. பொறுப்பைத் தருவதே மனிதனுக்குத் தரும் மரியாதை. மறுவாழ்வு என்னும் சொல்லின் உட்பொருளும் அதுவே.

நம் மாவட்டத்தின் ஆய்க்குடி

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நமது தென்காசி மாவட்டத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டு ஜனவரியில், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ளப் பெங்களூர் சென்றார். உடல் திறன் சோதனையின்போது உயரத்திலிருந்து விழுந்தார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இருபத்தோரு, இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவருக்கு இது எத்தகைய இடி என்று எண்ணிப் பாருங்கள்.

ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சையளித்து ஊக்கமூட்டிய மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். அந்த மருத்துவரின் பெயராலேயே, ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981இல், ஆய்க்குடியில் 'அமர் சேவா சங்கம்' தொடங்கப்பட்டது. சில குழந்தைகளுடன் சிறிய அளவில் தொடங்கிய அப்பணி, இன்று பள்ளி, சிகிச்சைப் பிரிவு, தொழிற்பயிற்சி, கிராமந்தோறும் செல்லும் மறுவாழ்வுப் பணி எனப் பரந்து விரிந்திருக்கிறது. தசைச் சிதைவு நோயினால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவர்கள் ராமகிருஷ்ணன் அவர்களுடன் இணைந்து அச்சங்கத்தை வளர்த்தார். 2020ஆம் ஆண்டு ராமகிருஷ்ணன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த இளைஞருக்கு நடக்கும் ஆற்றலை எந்த மருத்துவராலும் மீட்டுத் தர முடியவில்லை. ஆனால் 'இனி என்னால் எதுவும் ஆகாது' என்னும் எண்ணத்திலிருந்து அவர் மீண்டார். அந்த மீட்சியில் ஒரு மருத்துவரின் சொல்லுக்குப் பங்கு இருந்தது. அதனால்தான் தம் நிறுவனத்திற்கே அவர் பெயரைச் சூட்டினார். மருத்துவம் கைவிரித்த இடத்திலும் செய்வதற்கு வேலை இருக்கிறது என்பதற்கு ஆய்க்குடி சாட்சி.

வேலூரில் மற்றொரு சாட்சி உண்டு. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ் அவர்கள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அக்கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று உருவாக அவரே காரணமானார். 'என் வாழ்வு முடிந்துவிட்டது' என்று அழுத நோயாளிக்குச் சக்கர நாற்காலியில் எதிரே வந்த மருத்துவரே விடையாக அமைந்தார்.

ஆலோசகர் என்ன செய்கிறார்?

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நம் ஊர் விசைத்தறிகளின் ஊர். ஒரு தறித் தொழிலாளி இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் இரு பிள்ளைகளும் இருக்கிறார்கள். உறவினர் வந்து பார்த்துக் கண்ணீர் வடிக்கிறார்கள், பழம் வைக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அதன் பிறகு?

முதலில் ஆலோசகர் வந்து அமர்ந்து கேட்பார். தொழிலாளி கோபப்படலாம், மௌனமாக இருக்கலாம், சாவைப் பற்றிப் பேசலாம். எதையும் இடைமறிக்காமல் கேட்பதே அவருடைய முதற்பணி. "எல்லாம் சரியாகிவிடும்" என்று பொய்யான ஆறுதல் சொல்ல அவருக்கு அனுமதியில்லை. உண்மையை மறைக்காமலும் நம்பிக்கையை உடைக்காமலும் பேசுவது எப்படி என்பதே இப்படிப்பின் முதற்பாடம்.

இரண்டாவதாக, உயிரைக் காக்கும் செய்திகளைக் குடும்பத்தினர் அறிந்திருக்கிறார்களா என்று பார்ப்பார். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே பெரும் பகைவர்கள். குறிப்பிட்ட நேரத்திற்கு ஒருமுறை உடலைத் திருப்பிவிடுவதும், சிறுநீர் வெளியேறும் முறையைத் தூய்மையாகப் பேணுவதும் மருத்துவர் சொன்னபடி நடக்கின்றனவா என்று விசாரிப்பார். இல்லையெனில் உரியவரிடம் அனுப்புவார்.

மூன்றாவதாக, இழந்ததை விடுத்து இருப்பதைக் கணக்கெடுப்பார். கைகள் இருக்கின்றன, கண்கள் இருக்கின்றன, பதினைந்து ஆண்டு நெசவு அனுபவம் இருக்கிறது. தார் சுற்றும் வேலையை அமர்ந்தே செய்யலாம். சேலையில் விழும் குறைகளைக் கண்டறியலாம். கணக்கு எழுதப் பழகலாம். கணினியில் வடிவமைப்புக் கற்கலாம். இவற்றுள் எது வேண்டும் என்று முடிவு செய்பவர் அந்தத் தொழிலாளியே, ஆலோசகர் அல்லர். வழிகளை எடுத்துக்காட்டுவதே ஆலோசகரின் கடமை.

நான்காவதாக, வழியில் உள்ள தடைகளை நீக்க முயல்வார். வீட்டு வாசற்படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைக்கச் சொல்வார். சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கழிவறைக் கதவு அகலமாக உள்ளதா என்று அளப்பார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் உதவித் தொகைக்கும் கடனுதவிக்கும் மனுச் செய்ய உதவுவார். தறி உரிமையாளரைச் சந்தித்து, "இவரால் இன்ன வேலையைச் செய்ய முடியும்; அதற்கு இந்தச் சிறு மாற்றம் மட்டும் போதும்" என்று எடுத்துரைப்பார்.

ஐந்தாவதாக, வேலை கிடைத்ததும் விலகிவிடமாட்டார். சில வாரங்கள் கழித்தும், சில மாதங்கள் கழித்தும் வந்து பார்ப்பார். மனைவியின் களைப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் விசாரிப்பார்.

ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்பதற்கு இத்தனை படிகள் உள்ளன. இவற்றுள் எந்தப் படியையும் நாம் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டு தானாக ஏறிக் கடந்துவிடாது.

இப்பணி ஒரு தனித் தொழிலாக உருவான வரலாறும் கருதத்தக்கது. முதல் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பிய வீரர்களுக்காக அமெரிக்கா 1918இல் ஒரு சட்டம் இயற்றியது. 1920இல் பொதுமக்களுக்கும் அத்தகைய தொழில்வழி மறுவாழ்வு விரிவுபடுத்தப்பட்டது. நல்லெண்ணம் கொண்ட அலுவலர்கள் மட்டும் போதாது என்பதை உணர்ந்து, 1954ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வாயிலாக, மறுவாழ்வு ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அரசே நிதி வழங்கியது. பரிவு பயிற்சியாக மாறிய வரலாறு இது.

ஏர்வாடி சொல்லும் பாடம்

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆனாலும் பள்ளிவாசலில் இருப்பவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். தீயைக் கண்டும் ஓட முடியாமல் 28 பேர் மடிந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. பல சமயத்தவரும் நோய் தீரும் என்ற நம்பிக்கையோடுதான் அங்கு வந்தார்கள். அன்பு இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. மனநோய்க்கு மருந்து உண்டு, சிகிச்சை உண்டு, அதன் பின் வேலைக்குத் திரும்பும் வழியும் உண்டு என்று அக்குடும்பங்களுக்கு அருகிலிருந்து எடுத்துச் சொல்லும் பயிற்சி பெற்றவர் இல்லை.

அந்நிகழ்வு நாட்டை உலுக்கியது. உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கைக் கையிலெடுத்தது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் திட்டவட்டமாகத் தடை செய்திருக்கிறது. ஏர்வாடியிலேயே பின்னாளில், பிரார்த்தனைக்கு வருவோருக்கு மருத்துவச் சிகிச்சையும் கிடைக்கும் வகையில் 'தவா – துஆ', அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்ற பெயரில் அரசு ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே என்பதை அறிந்தவர்கள் இதில் முரண்பாடு காணமாட்டார்கள்.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் அவர்கள் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய 'ஸ்கார்ஃப்', சிகிச்சையோடு நின்றுவிடாமல் நோயாளிகளைத் தொழிலுக்குத் திருப்பும் மறுவாழ்வுப் பணியையும் தன் கடமையாகக் கொண்டது. மருந்து நோயை அடக்கும். மனிதனை மீண்டும் குடும்பத்திலும் கடைவீதியிலும் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஆலோசகரின் துணை வேண்டும்.

மனம் பேதலித்தவரை அழைத்துக்கொண்டு குடும்பத்தார் முதலில் வருவது பெரும்பாலும் எங்களைப் போன்ற இமாம்களிடமே. ஓதிப் பார்க்கச் சொல்கிறார்கள், ஓதுகிறோம். ஓதி முடித்ததும், "மருத்துவரிடமும் காட்டுங்கள், இன்னாரைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டியதும் எங்கள் பொறுப்பு. அந்த 'இன்னார்' நம் மஹல்லாவிலேயே ஒருவராக இருந்தால் எத்துணை நலம்!

படிப்பும் பதிவும்

மாணவச் செல்வங்களே! இத்துறைக்கு எப்படிச் செல்வது என்று கேட்பீர்கள். இந்தியாவில் மறுவாழ்வுப் பணியாளர்களின் படிப்பையும் பதிவையும் ஒழுங்குபடுத்துவது 'இந்திய மறுவாழ்வு மன்றம்' என்னும் சட்டபூர்வ அமைப்பு. இதற்கான சட்டம் 1992இல் இயற்றப்பட்டது. மறுவாழ்வு ஆலோசகர், சிறப்பாசிரியர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், மறுவாழ்வு உளவியலாளர், செயற்கை உறுப்புப் பொறியாளர், மறுவாழ்வுச் சமூகப் பணியாளர் எனப் பல பிரிவினர் இதன் பதிவேட்டில் இடம்பெறுகின்றனர். பதிவு பெறாமல் இப்பணிகளைத் தொழிலாகச் செய்வது தண்டனைக்குரிய குற்றம். ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். எனவே எந்தக் கல்லூரியில் சேர்வதானாலும், அப்படிப்பு மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் பாருங்கள். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் செயல்பட்டு வருகிறது. அங்கே சிகிச்சையும் உண்டு, படிப்புகளும் உண்டு. உளவியல் அல்லது சமூகப் பணியில் பட்டம் பெற்றுப் பின்னர் மறுவாழ்வுத் துறைக்குள் நுழைவதும் ஒரு வழி. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுத்தவராயினும் இத்துறையில் ஏதேனும் ஒரு வாசல் அவருக்குத் திறந்தே இருக்கும்.

வேலை கிடைக்குமா? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடி, தமிழகத்தில் ஏறத்தாழ 11.8 லட்சம். அப்போது எட்டு வகைக் குறைபாடுகளே கணக்கிடப்பட்டன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ 21 வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அச்சட்டம் அரசு வேலைகளில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இடங்களை ஒதுக்கியிருக்கிறது. உரிமை சட்டத்தில் இருக்கிறது. உரியவர் வீட்டின் மூலையில் இருக்கிறார். இடையிலுள்ள தூரத்தைக் கடக்க உதவுவதற்கு ஆள் தேவை. சிறப்புப் பள்ளிகள், மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றோடு, உலக வங்கியின் உதவியுடன் தமிழக அரசு மேற்கொண்ட உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்களிலும் இத்தகைய பயிற்சி பெற்றோர் பணியாற்றுகின்றனர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொடக்க ஊதியம் கணினித் துறைக்கு நிகராக இராது. பலன் மெதுவாகத்தான் தெரியும். ஓராண்டு உழைத்து ஒரு பிள்ளை தானாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வதே ஒரு வெற்றியாக இருக்கும். பொறுமையில்லாதவருக்கு இது உகந்த துறையன்று. ஆனால் பிறர் சொல்வதைக் கேட்கும் காதும், கேட்டதை வெளியில் சொல்லாத நாவும் உடையவருக்கு இதைவிடச் சிறந்த பணி அரிது. ஒரு குடும்பத்தின் துயரம் ஆலோசகரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிற்குள் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்களின் நிலையை ஓர் ஆண் சென்று விசாரிப்பது நம் சூழலில் எளிதன்று. அவர்களுடைய உடல்நலம், படிப்பு, திருமணம் பற்றியெல்லாம் மனம் திறந்து பேச ஒரு பெண்ணே செல்ல வேண்டும். எனவே உங்கள் மகள் இத்துறையைத் தேர்ந்தெடுத்தால் தடுக்காதீர்கள், துணை நில்லுங்கள். மாற்றுத்திறனாளியாகிய உங்கள் பிள்ளையே இதைப் படிக்க விரும்பினால் மேலும் மகிழுங்கள். அப்பிள்ளை அறிந்த பாடத்தை எந்தப் பேராசிரியரும் புத்தகத்தில் கற்றிருக்கமாட்டார்.

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்கள்

நிறைவாக, நிர்வாகப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் மஹல்லாவில் வீடுதோறும் சென்று மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைச் சேகரிக்க வேண்டும். அவர்களுடைய வயது, படிப்பு, விருப்பம், அடையாள அட்டை உண்டா இல்லையா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறைத்து வைக்கப்பட்ட பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இரண்டாவது, ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவித் தொகையில் ஓர் இடத்தை மறுவாழ்வுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கோ மாணவிக்கோ ஒதுக்க வேண்டும். படித்து முடித்தபின் வாரத்தில் ஒரு நாள் நம் ஊர் மக்களுக்காக, எச்சமயத்தவர் வந்தாலும் அவருக்காக, அவர் அமர வேண்டும் என்பதே நிபந்தனையாக இருக்கட்டும்.

மூன்றாவது, பள்ளிவாசலின் வாசலிலும் உளூச் செய்யும் இடத்திலும் சாய்தளமும் கைப்பிடியும் அமைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தூக்கிவிடும்வரை காத்திராமல் தாமாகவே ஸஃப்பில் வந்து சேர வேண்டும்.

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கொலி கேட்டு மதீனா நகரம் நோன்பின் ஸஹரை முடித்துக்கொண்டது. பார்வையற்ற ஒருவரின் குரலை நம்பி ஒரு சமூகமே எழுந்தது. அத்தகைய நம்பிக்கையை நம் ஊரின் மாற்றுத்திறனாளிகள் மீது வைப்பதற்கு, இங்கே அமர்ந்திருக்கும் உங்களில் ஒருவரேனும் கற்றுத் தேர்ந்து வர வேண்டும். அதற்குரிய மன உறுதியையும் வாய்ப்பையும் வல்ல அல்லாஹ் உங்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.